சிவில் உரிமை நாயகனா, வியட்நாம் வில்லனா? காட்பாடி வரை நீளும் அதிபர் ஜான்சனின் கணக்கு

காட்பாடி ஜங்ஷனில் இறங்கும் கூட்டத்தைக் கவனித்தால் மூன்று வகை ஆட்களைப் பார்க்கலாம். சி.எம்.சி. மருத்துவமனைக்கு வருபவர்கள், வி.ஐ.டி.யில் படிக்க வரும் மாணவர்கள், ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் தோல் வியாபாரத்துக்காக வருபவர்கள். இவர்களில் பலரது வாழ்க்கையில் வாஷிங்டனில் போடப்படும் ஒரு கையெழுத்துக்குப் பங்கு உண்டு.

2025-ல் இது நன்றாகவே தெரிந்தது. ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்கள் மீதான அமெரிக்காவின் கூடுதல் வரி 50 சதவீதம் ஆனது. செப்டம்பரில், புதிய எச்-1பி விசா விண்ணப்பங்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பே ஜனவரி 21-ம் தேதி, பதவியேற்ற மறுநாள், 60 ஆண்டு பழமையான ஒரு உத்தரவை டிரம்ப் ரத்து செய்திருந்தார். அரசு ஒப்பந்தம் பெறும் நிறுவனங்கள் வேலை தரும்போது இனம், நிறம் பார்க்கக்கூடாது, சம வாய்ப்புக்கு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்ற உத்தரவு அது.

அதைப் போட்டவர் லிண்டன் ஜான்சன். அமெரிக்காவின் 36-வது அதிபர். உள்நாட்டில் கறுப்பின மக்களுக்கு உரிமை வாங்கித் தந்தவர், வெளிநாட்டில் வியட்நாம் போரைப் பெரிதாக்கியவர் என இரண்டு பெயரும் அவருக்கு உண்டு. யார் இந்த ஜான்சன்? அவருக்கும் நம்ம ஊருக்கும் என்ன சம்பந்தம்?

இரட்டைக் குவளை முறைக்கு ஒரு சட்டம்

1963 நவம்பர் 22-ல் அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். துணை அதிபராக இருந்த ஜான்சன் அன்றே பதவியேற்றார். அப்போது அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வெள்ளையருக்கு ஒரு குடிநீர்க் குழாய், கறுப்பினத்தவருக்கு ஒரு குழாய். பள்ளி, பேருந்து, ஹோட்டல், கழிப்பறை என எல்லாமே தனித்தனி. நம்ம ஊர் டீக்கடைகளில் இருந்த இரட்டைக் குவளை முறையை நினைத்துக்கொண்டால் சட்டுன்னு புரிந்துவிடும்.

ஜான்சனும் டெக்சாஸ் என்ற தென் மாநிலத்துக்காரர்தான். செனட்டில் பல ஆண்டுகள் இருந்ததால் எந்த உறுப்பினரை எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்பது அவருக்கு அத்துப்படி. எதிர்ப்பாளர்கள் வாரக்கணக்கில் பேசிப் பேசியே மசோதாவை இழுத்தடித்தார்கள். கடைசியில் 1964 ஜூலை 2-ல் சிவில் உரிமைச் சட்டம் கையெழுத்தானது. பொது இடங்களிலும் வேலைவாய்ப்பிலும் இனப் பாகுபாடு சட்டவிரோதம் ஆனது.

அடுத்தது ஓட்டு. தென் மாநிலங்களில் 'எழுதப் படிக்கத் தெரியுமா' என்று தேர்வு வைத்தே கறுப்பின மக்களைப் பட்டியலில் இருந்து விலக்கி வைத்திருந்தார்கள். 1965 ஆகஸ்ட் 6-ல் கையெழுத்தான வாக்குரிமைச் சட்டம் அதற்கு முடிவு கட்டியது. மிசிசிப்பி மாநிலத்தில் அதற்கு முன் சுமார் 7 சதவீத கறுப்பினத்தவர்தான் வாக்காளர்களாகப் பதிவு செய்திருந்தார்கள். இரண்டே ஆண்டுகளில் அது சுமார் 60 சதவீதமானது.

அதே ஐந்து வாரத்தில் போரும் வந்தது

கதையின் இன்னொரு பக்கம் இங்கேதான் தொடங்குகிறது. தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

• 1964 ஜூலை 2: சிவில் உரிமைச் சட்டம்.
• 1964 ஆகஸ்ட் 7: வியட்நாமில் ராணுவ நடவடிக்கைக்கு அதிபருக்கு முழு அதிகாரம் தரும் டோங்கின் வளைகுடா தீர்மானம்.
• 1965 மார்ச் 7: அலபாமாவின் செல்மாவில் ஓட்டுரிமை கேட்டு ஊர்வலம் போனவர்கள் மீது போலீஸ் தடியடி.
• 1965 மார்ச் 8: அமெரிக்காவின் முதல் தரைப்படைப் பிரிவுகள் வியட்நாமின் டா நாங் கடற்கரையில் இறங்கின.
• 1965 ஜூலை 28: வியட்நாமில் படைபலம் 75 ஆயிரத்திலிருந்து 1.25 லட்சமாக உயரும் என அறிவிப்பு. ஒன்பதே நாளில் வாக்குரிமைச் சட்டம்.

டோங்கின் தீர்மானத்துக்குப் பிரதிநிதிகள் சபையில் ஒருவர்கூட எதிர்த்து ஓட்டுப் போடவில்லை. செனட்டில் எதிர்த்தவர்கள் வெறும் இரண்டு பேர். அமெரிக்கக் கப்பல்களை வடக்கு வியட்நாம் இரண்டு முறை தாக்கியது என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். ஆகஸ்ட் 4-ல் நடந்ததாகச் சொன்ன இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை என்று அமெரிக்க உளவு அமைப்பின் ஆவணங்களே பின்னர் காட்டின.

1968 முடிவில் வியட்நாமில் 5 லட்சத்துக்கும் அதிகமான அமெரிக்க வீரர்கள் இருந்தனர். போர் முடிவதற்குள் அமெரிக்கத் தரப்பில் மட்டும் 58 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். வியட்நாம் மக்கள் இழந்தது பல லட்சம் உயிர்கள்.

செனட்டை வளைத்து உரிமைச் சட்டம் வாங்கிய அதே சாமர்த்தியம்தான், கேள்வி கேட்காமல் போருக்கும் அனுமதி வாங்கித் தந்தது. ஜான்சனின் இரண்டு முகங்கள் என்று பிரித்துச் சொல்வதில் இந்த உண்மை மறைந்துபோகிறது.

கிங் ஏன் விலகினார்?

சட்டங்கள் கையெழுத்தானபோது ஜான்சனுடன் நின்றவர் மார்ட்டின் லூதர் கிங். 1967 ஏப்ரல் 4-ல் நியூயார்க்கின் ரிவர்சைடு தேவாலயத்தில் அவர் வெளிப்படையாகப் போரை எதிர்த்துப் பேசினார். வறுமை ஒழிப்புக்குப் போக வேண்டிய பணம் குண்டுகளுக்குப் போகிறது, சொந்த ஊரில் உரிமை கிடைக்காத கறுப்பின இளைஞர்கள் வேறொரு நாட்டில் சுதந்திரத்தைக் காப்பதாகச் சொல்லிச் சாகிறார்கள் என்பது அவரது வாதம். அதே மாதம் 28-ம் தேதி குத்துச்சண்டை வீரர் முகமது அலி ராணுவத்தில் சேர மறுத்தார். அவரது பட்டம் பறிக்கப்பட்டது.

1968 மார்ச் 31-ல், மறுபடியும் போட்டியிடப் போவதில்லை என்று ஜான்சன் அறிவித்தார். ஏப்ரல் 4-ல் கிங் கொல்லப்பட்டார். ஒரே வாரத்தில், வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டத்தில் ஜான்சன் கையெழுத்துப் போட்டார். அவரது கடைசிப் பெரிய சிவில் உரிமைச் சட்டம் அது.

இந்தியாவுக்கு வந்த கோதுமை, கூடவே வந்த கயிறு

அதே காலத்தில் இந்தியாவில் பஞ்சம். 1965, 1966 என அடுத்தடுத்து மழை பொய்த்தது. பி.எல்.480 திட்டத்தில் வந்த அமெரிக்க கோதுமைதான் பல மாநிலங்களின் ரேஷனுக்குக் கைகொடுத்தது. ஆனால் ஜான்சன் அதை மொத்தமாக அனுப்பவில்லை. மாசா மாசம் பார்த்துப் பார்த்துத்தான் அனுமதி கொடுத்தார். விவசாயக் கொள்கையை இந்தியா மாற்ற வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. வியட்நாம் குண்டுவீச்சை இந்தியா விமர்சித்ததும் அவரது கோபத்துக்கு ஒரு காரணம்.

அப்போது மத்திய உணவு அமைச்சராக இருந்தவர் தமிழகத்தின் சி.சுப்பிரமணியம். இனி அடுத்தவர் கப்பலை நம்பியிருக்க முடியாது என்ற நெருக்கடியில்தான் மெக்சிகோவிலிருந்து 18 ஆயிரம் டன் கோதுமை விதை 1966-ல் இறக்குமதியானது. விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதன் உள்ளிட்டோரின் உழைப்பில் பசுமைப் புரட்சி வேகமெடுத்தது.

சென்னை மாகாணத்தில் அரிசித் தட்டுப்பாடு அரசியலையே புரட்டியது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதியுடன் 1967 தேர்தலைச் சந்தித்த தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது. இந்தி எதிர்ப்புப் போராட்டம் ஒரு பெரிய காரணம் என்றால், அரிசி இன்னொரு காரணம். சி.சுப்பிரமணியமும் அந்தத் தேர்தலில் தோற்றார்.

விசா வரிசைக்கும் அவர்தான் தொடக்கம்

அமெரிக்காவில் குடியேற 1946 முதல் இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 100 பேர் என்ற ஒதுக்கீடுதான் இருந்தது. ஐரோப்பியர்களுக்குத் தாராளம், ஆசியர்களுக்குத் தடுப்பு. 1965 அக்டோபர் 3-ல் சுதந்திர தேவி சிலை முன்பு ஜான்சன் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டம் பிறந்த நாட்டைப் பார்த்து ஒதுக்கும் அந்த முறையை ஒழித்தது. குடும்ப உறவும் தொழில் திறமையும் அளவுகோல் ஆனது.

அதன்பிறகுதான் இந்திய மருத்துவர்களும் பொறியாளர்களும் பெரிய எண்ணிக்கையில் போகத் தொடங்கினார்கள். இன்று காட்பாடியில் படித்து முடித்து அமெரிக்கா போக நினைக்கும் பொறியியல் மாணவர், 1964-ல் இருந்திருந்தால் அந்த 100 பேரில் ஒருவராக இடம் பிடித்திருக்க வேண்டும்.

ஆனால் எந்த நாட்டுக்கும் இத்தனைக்கு மேல் கிடையாது என்ற உச்சவரம்பும் அதே சட்டத்தில் இருந்தது. அதன் தொடர்ச்சிதான் இன்றைய 7 சதவீத வரம்பு. கிரீன் கார்டுக்காக இந்தியர்கள் ஆண்டுக்கணக்கில் வரிசையில் நிற்பது இதனால்தான். கதவைத் திறந்த சட்டமே வாசலில் ஒரு தடுப்பையும் வைத்துவிட்டது.

ஆம்பூர் ஷூவும் வியட்நாம் ஷூவும்

இப்போ தோல் தொழிலுக்கு வருவோம். 2025-ல் விதிக்கப்பட்ட அந்த 50 சதவீத வரியில் பாதி, அதாவது 25 சதவீதம், இந்தியா ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்கான அபராதமாக இருந்தது. உக்ரைன் போரை நிறுத்த ரஷ்யாவுக்கு நெருக்கடி கொடுக்கிறோம் என்பது டிரம்ப் அரசு சொன்ன காரணம். எங்கோ நடக்கும் போருக்கான தண்டனை, ஆம்பூரில் ஷூ தைக்கும் பெண்ணின் ஓவர்டைம் வரை வந்து நின்றது.

அதே ஆகஸ்டில் வியட்நாமுக்கு விதிக்கப்பட்ட வரி 20 சதவீதம்தான். காலணி ஏற்றுமதியில் உலகின் முன்னணி நாடுகளில் ஒன்று வியட்நாம். ஜான்சன் காலத்தில் குண்டு விழுந்த மண்ணிலிருந்து இன்று அமெரிக்கக் கடைகளுக்கு ஷூ போகிறது. 1994-ல் பொருளாதாரத் தடை நீங்கி, 1995-ல் தூதரக உறவு ஏற்பட்ட பிறகு வந்த மாற்றம் இது. அமெரிக்க ஆர்டருக்காக ஆம்பூர், ராணிப்பேட்டை பகுதிகள் போட்டி போடுவது இந்த வியட்நாமுடன்தான். இரண்டு நாட்டுக்கும் இடையே அப்போது இருந்ததுபோல 30 சதவீத வித்தியாசம் இருந்தால் வாங்குபவர் யாரிடம் போவார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்தத் தொழிலில் உழைப்பவர்களில் கணிசமானோர் பட்டியல் சமூகத்தினரும் இஸ்லாமியரும். தையல் பிரிவுகளில் பெரும்பாலும் பெண்கள். ஆர்டர் குறைந்தால் முதலில் அடி விழுவது இவர்களுக்குத்தான்.

எது நிலைத்தது, எது போனது?

ஜான்சனின் கணக்கை இன்று பார்க்கும்போது ஒரு விஷயம் தெளிவாகிறது. 1964 சட்டம் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அதனால் எந்த அதிபராலும் தனியாக அதை நீக்க முடியாது. 1965 செப்டம்பரில் அவர் போட்ட வேலைவாய்ப்பு உத்தரவு அதிபரின் தனி உத்தரவு. ஒரு கையெழுத்தில் வந்தது, இன்னொரு கையெழுத்தில் போனது. வாக்குரிமைச் சட்டத்தின் முக்கியப் பகுதியை 2013-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே செயலிழக்கச் செய்தது. சட்டம் இருந்தாலும் அதைக் காப்பாற்ற ஆள் இருக்க வேண்டும் என்பதற்கு அது உதாரணம்.

போர் விஷயத்திலும் ஒரு பாடம் மிச்சம். வியட்நாமுக்குப் பிறகு, 1973-ல், அதிபரின் போர் அதிகாரத்துக்குக் கடிவாளம் போடும் தீர்மானத்தை அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அதன் பிறகும் முன் அனுமதி வாங்காமலே பல அதிபர்கள் தாக்குதல் நடத்தியிருக்கிறார்கள்.

அப்போ ஜான்சன் நாயகனா, வில்லனா? மிசிசிப்பியில் முதல்முறை ஓட்டுப் போட்ட பாட்டிக்கு ஒரு பதில், வியட்நாமில் மகனை இழந்த தாய்க்கு வேறு பதில். ஒன்றைக் காட்டி மற்றதைக் கழிக்க முடியாது. காட்பாடியில் இருந்து பார்ப்பவர்களுக்கு இதில் நேரடியான ஒரு செய்தி இருக்கிறது. அமெரிக்காவில் யார் அதிபர் என்பதோடு, அவர் எடுக்கும் முடிவு நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமா, தனி உத்தரவா என்பதையும் கவனிக்க வேண்டும். விசாவை நம்பிக் கல்விக் கடன் வாங்குகிறவரும், அமெரிக்க ஆர்டரை நம்பி ஆள் எடுக்கிறவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.