அறுந்த காதும் பார்க்காத படங்களும்

வான்கோ என்றாலே நமக்குக் காதுதான். 1888 டிசம்பரில் ஆர்ல் நகரில் அவர் தன் காதை அறுத்துக்கொண்ட கதையை எத்தனை கட்டுரைகளில் எழுதியிருப்போம், எத்தனை மேடைகளில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருப்போம்! வறுமை, மனநோய், தம்பி தியோவின் பாசம், கோதுமை வயல், துப்பாக்கி எல்லாம் நமக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் 1885இல் அவர் வரைந்த 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்' படத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள், விளக்கின் வெளிச்சம் யார் முகத்தில் விழுகிறது என்று யாராவது கேட்டால் முழிப்போம். ஐந்து பேர். அதில் ஒரு சிறுமி நமக்கு முதுகு காட்டி நிற்கிறாள். வலது ஓரத்தில் ஒரு பெண் காபி ஊற்றிக்கொண்டிருக்கிறாள். அந்த விரல்களின் முண்டும் முடிச்சும் சரியாக வரவேண்டும் என்று ஒரு குளிர்காலம் முழுக்க அவர் விவசாயிகளின் தலைகளையும் கைகளையும் வரைந்து பழகினார். காதுக்குக் கொடுத்த இடத்தில் பாதியைக்கூட இந்தக் கைகளுக்கு நாம் கொடுக்கவில்லை.

கதையையாவது முழுசாகச் சொன்னோமா என்றால் அதுவும் இல்லை. 1890 ஜூலையில் வான்கோ இறந்த ஆறே மாதத்தில் தியோவும் போய்ச் சேர்ந்தார். கைக்குழந்தையோடு நின்ற தியோவின் மனைவி யோஹன்னாதான் விலைபோகாத அந்தப் படங்களைக் கட்டிக் காத்தவர். கண்காட்சிகளுக்கு அனுப்பியவர் அவர். கடிதங்களைப் படித்து வரிசைப்படுத்தி 1914இல் புத்தகமாக்கியவரும் அவரே. நாம் உருகி உருகி மேற்கோள் காட்டும் கடிதங்கள் அவர் கைபட்டு வந்தவை. 'செத்த பிறகு உலகம் கொண்டாடியது' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். உலகம் தானாகக் கொண்டாடியதாக நமக்கு ஒரு நினைப்பு.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய ஓவியம் பற்றித் தமிழில் எழுதவே இல்லை என்று சொல்லமுடியாது. இந்திரன், சி. மோகன் போன்ற சிலர் உண்மையாகவே உழைத்திருக்கிறார்கள். மீதிப் பேரான நாம் செய்தது வேறு. விழுப்புரம், விருத்தாசலம், அரியலூர் என்று ரயில் நிலையங்களை ஒப்பிப்பதுபோல ரொமாண்டிசிசம், ரியலிசம், இம்ப்ரெஷனிசம் என்று ஒப்பித்துவிட்டு, ஒரு நிலையத்திலும் இறங்காமல் நேராகப் பிகாசோவுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஓவியர்கள் ஏன் திடீரென்று வெளியே போய், வெயிலில் நின்று வரைய ஆரம்பித்தார்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் 1841இல் ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் காப்புரிமை பெற்ற தகரக் குழாய் கண்ணில் பட்டிருக்கும். அதுவரை அரைத்த எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்திருந்தார்கள். அது கசியும், வெடிக்கும், காய்ந்துபோகும். பல்பசைபோலப் பிதுக்குகிற குழாய் வந்ததும் வண்ணம் பைக்குள் அடங்கியது. பாரீஸிலிருந்து புறநகருக்கு ரயிலும் ஓடியது. கோப்லேன் நெசவாலையின் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த ஷெவ்ரூல் என்ற வேதியியலாளர், ஒரு நிறம் பக்கத்து நிறத்தால் எப்படி மாறித் தெரிகிறது என்று 1839இல் புத்தகமே போட்டார். தறியில் எழுந்த கேள்வி ஓவியத் துணிக்கு வந்த கதை அது. காஞ்சிபுரத்திலும் சின்னாளப்பட்டியிலும் சாயம் போடுகிறவர்களுக்கு இது ஒரு நிமிடத்தில் விளங்கும். எழுதுகிற நமக்குத்தான் 'ஒளியின் மாயம்' என்ற இரண்டு சொல் போதுமாக இருந்தது.

அளவு விஷயத்தில் நம் அலட்சியம் இன்னும் மோசம். பிரெஞ்சு ஓவியர் கூர்பே 1850-51இல் சலோன் என்ற பாரீஸ் அரசுக் கண்காட்சியில் காட்டிய 'ஓர்னான் அடக்கம்' படத்தை உள்ளங்கை அகலத்துக்கு அச்சிட்டு, 'யதார்த்தவாதத்தின் முன்னோடி' என்று கீழே ஒரு வரி போட்டோம். படம் ஏறக்குறைய இருபத்திரண்டு அடி அகலம், பத்தடி உயரம். அதில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஊர்க்காரர்கள் ஆளுயரத்தில் வரிசையாக நிற்கிறார்கள். நடுவில் குழி, குழிக்குப் பக்கத்தில் ஒரு நாய். அழுகிறவர்களும் உண்டு, எங்கோ பார்க்கிறவர்களும் உண்டு. மன்னர்களுக்கும் புராண வீரர்களுக்கும் ஒதுக்கிவைத்திருந்த அளவைப் பெயர் தெரியாத ஒரு கிராமத்துச் சாவுக்குக் கொடுத்துவிட்டாரே என்பதுதான் அன்றைய கோபம். அளவைச் சொல்லாவிட்டால் கோபம் புரியாது. கோபம் புரியாவிட்டால் யதார்த்தவாதம் என்பதும் பரீட்சைக்கு எழுதும் விடையாகத்தான் நிற்கும்.

ருஷ்ய இலக்கியத்தில் ஊறியவர்கள் என்று சொல்லிக்கொள்வதில் நமக்குப் பெருமை உண்டு, நியாயமான பெருமைதான். தஸ்தயேவ்ஸ்கி என்றதும் நம் மனதில் ஒரு முகம் எழுகிறதே, பழுப்புக் கோட்டு, முழங்காலில் கோத்த விரல்கள், நம்மைப் பார்க்காத கண்கள், அது 1872இல் வசீலி பெரோவ் வரைந்தது. தஸ்தயேவ்ஸ்கியின் நாவல்களைப் பற்றி விடிய விடியப் பேசிய நம்மில் பெரோவ் பெயரை உச்சரித்தவர்கள் எத்தனை பேர்? ரேபினின் 'வோல்கா படகிழுப்பவர்கள்' படத்தைப் போராட்டச் சுவரொட்டியாகப் பார்த்துவிட்டு நகர்ந்தோம். பதினொரு பேர் இழுக்கிறார்கள். நடுவில் ஒரு பையன் மட்டும் தலை நிமிர்ந்து, தோள்பட்டை வாரைக் கையால் பிடித்துத் தளர்த்தப் பார்க்கிறான். கதையில் அப்படி ஒரு பாத்திரம் வந்திருந்தால் நாம் விட்டிருப்போமா?

பெண்கள் கணக்கைத் திறந்தால் தலை குனியத்தான் வேண்டும். 1874 ஏப்ரல் 15 அன்று, புகைப்படக்காரர் நதார் முன்பு ஸ்டுடியோ வைத்திருந்த இடத்தில், பின்னால் இம்ப்ரெஷனிஸ்டுகள் என்று பெயர் வாங்கியவர்களின் முதல் கண்காட்சி திறந்தது. மோனே, தெகா, ரெனுவார், பிஸ்ஸாரோ என்று அடுக்குவோம். அதே சுவர்களில் பெர்த் மொரீஸோவின் 'தொட்டில்' தொங்கியதைச் சொல்லமாட்டோம். சொன்னாலும் 'தாய்மையின் மென்மை' என்று வாழ்த்து அட்டை பாஷையில் சொல்வோம். படத்தில் இருப்பவர் பெர்த்தின் அக்கா எத்மா. இடக்கை கன்னத்தைத் தாங்கியிருக்கிறது. வலக்கை தொட்டிலின் வலைத்துணி ஓரத்தைப் பிடித்திருக்கிறது. உள்ளே தூங்கும் குழந்தையின் கையும் தாயின் கையைப் போலவே மடங்கிக் கிடக்கிறது. அந்த வெள்ளைத் துணிக்குள் நீலமும் சாம்பலும் இளஞ்சிவப்பும் ஓடுகின்றன. எத்மாவும் ஓவியர்தான். அக்கா தங்கை இருவரும் ஓவியர் கொரோவிடம் சேர்ந்தே பழகியவர்கள். 1869இல் ஒரு கடற்படை அதிகாரியை மணந்த பிறகு எத்மா தூரிகையைக் கிட்டத்தட்ட வைத்துவிட்டார். தொடர்ந்து வரைந்த தங்கை, நிறுத்திவிட்ட அக்காவை வரைந்திருக்கிறாள். அந்த முகத்தில் இருப்பது பூரிப்பு மட்டும்தானா? கல்யாணத்தோடு பாட்டையும் பரதத்தையும் மூட்டை கட்டிய பெண்கள் இல்லாத தெரு நம் ஊரில் உண்டா? இந்தப் படத்தைப் படிக்க நம்மைவிடத் தகுதியானவர்கள் கிடையாது. நாம்தான் படிக்கவில்லை.

'அதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம்' என்ற சாக்கும் நம்மிடம் உண்டு. அது சாக்கு என்பதற்குப் பூஜையறைச் சுவரே சாட்சி. ரவிவர்மா திருவனந்தபுரம் அரண்மனையில் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் வேலை செய்வதைப் பார்த்துப் பார்த்தே எண்ணெய் வண்ண நுட்பத்தைப் பிடித்தவர். 1873இல் சென்னைக் கண்காட்சியில் ஆளுநரின் தங்கப் பதக்கம் வாங்கினார். அடுத்த ஆண்டு பாரீஸில் மோனே கூட்டம் எதை எதிர்த்துத் தனிக் கடை போட்டதோ, அந்த வழவழப்பான அகாடமி பாணியின் உறவுக்காரர்தான் அவர். பக்கவாட்டு வெளிச்சம், தசையின் திரட்சி, பட்டின் மினுமினுப்பு எல்லாமே அந்த வழி வந்தவை. 1894இல் அவர் பம்பாயில் தொடங்கிய அச்சகத்திலிருந்து லட்சுமியும் சரஸ்வதியும் வீடு வீடாகப் போனார்கள். பின்னாளில் சென்னை ஓவியப் பள்ளியில் படித்த கோவில்பட்டி கொண்டையராஜுவின் தெய்வங்கள் சிவகாசிக் காலண்டர்களில் வந்து நின்றார்கள். ஐரோப்பாவின் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குத் தினமும் சூடம் காட்டிக்கொண்டே அது நமக்குச் சம்பந்தமில்லை என்று சொல்லிவந்திருக்கிறோம். இந்த வழியாகப் போயிருந்தால் மோனே கூட்டம் ஏன் அடி வாங்கியது, ரவிவர்மா ஏன் கொண்டாடப்பட்டார் என்று இரண்டையும் ஒரே மூச்சில் பேசியிருக்கலாம்.

ஒரு காலத்தில் நமக்கு நியாயமான தடை இருந்தது. சிற்றிதழ்களின் மட்டக் காகிதத்தில், கறுப்பு வெள்ளைக் கட்டையில் மோனேயைப் பார்த்தவனிடம் நிறத்தைப் பற்றிப் பேசச் சொல்வது கொடுமை. இன்று அந்தத் தடை இல்லை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன், சிகாகோ கலைக்கழகம், ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியம் எல்லாம் தூரிகையின் கோடு தெரியும் அளவுக்குப் படங்களை இலவசமாகத் திறந்து வைத்திருக்கின்றன. கைப்பேசியில் இரண்டு விரலால் விரித்துப் பார்க்கலாம். பார்க்காமல் எழுதுவது இனி சோம்பல், வேறு பெயர் அதற்கு இல்லை.

ஆகவே இதழாசிரியர்களுக்கும், எழுதுகிற நண்பர்களுக்கும், எனக்கும் சேர்த்தே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஓர் ஓவியரைப் பற்றிக் கட்டுரை வந்தால், படத்தின் பெயர், வருடம், அளவு, இப்போது எங்கே இருக்கிறது என்ற நான்கையும் படத்துக்குக் கீழே போடுங்கள். கட்டுரையில் பாதியாவது அந்த ஒரு படத்தைப் பற்றியதாக இருக்கட்டும். காதைப் பற்றி மட்டும் எழுதி வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.