மறுக்கும் வலிமை

2007இல் அமெரிக்கக் கால்பந்து அணித்தேர்வில் முதலாவதாகத் தெரிவான ஜமார்கஸ் ரசல், ஊதிய உடன்பாடு எட்டும்வரை பயிற்சிக்குச் செல்லவில்லை, செப்டம்பரில்தான் கையெழுத்திட்டார். அவருக்கு மாற்று எளிதில் கிடைக்காது என்பதே அவரது பலம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு நுழையும் இளைஞனும் புதுமுகமே. அவன் மறுத்தால், வாயிலில் அடுத்தவன் நிற்கிறான். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டமோ, பழகுநன் பயிற்சி பெறுபவனே, தொழிலாளி அல்லன் என்கிறது.

தனியொருவனின் மறுப்பு வேலையிழப்பில் முடியும். கூட்டு மறுப்புக்கே வலிமை உண்டு. அண்டை மாவட்டமான காஞ்சிபுரத்தில், சாம்சங் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரம் கோரி 2024இல் 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். 2025 ஜனவரியில் சங்கம் பதிவுபெற்றது. நிரந்தரத் தொழிலாளரின் சங்கங்கள் பழகுநர்க்காகவும் பேச வேண்டும் என்கிறோம். இன்றைய பழகுநன்தானே நாளைய தொழிலாளி?