ஸ்விட்ச் போடும்போது சூடாகும் தண்ணீர்



கோடை வந்துவிட்டால் நம் ஊரில் இரண்டு பேச்சுதான். ஒன்று கரண்ட். இன்னொன்று மீன் விலை. மீன்பிடித் தடைக்காலத்தில் பெரிய மார்க்கெட்டில் விலை ஏறுவது சகஜம். ஆனால் கழிமுகத்து மீனும் இறாலும் வருஷம் முழுக்க அரிதாகிக்கொண்டே போவதற்கும், நம் வீட்டு ஏசிக்கும் கொஞ்சம் சம்பந்தம் உண்டு என்றால் நம்புவீர்களா?

புதுச்சேரிக்கு வரும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெளியூரில் தயாராவதுதான். நமக்கென்று காரைக்கால் அருகே திருமலைராயன்பட்டினத்தில் 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் ஒன்று இருக்கிறது. மீதியை நெய்வேலி, கல்பாக்கம், எண்ணூர் பக்கத்து வல்லூர் என்று பல இடங்களிலிருந்து மின்துறை வாங்கித் தருகிறது. கரி எரிகிற இடங்களில் புகையும் சாம்பலும் அந்த ஊர்க்காரர்களுக்குப் போகின்றன என்பது நமக்குத் தெரியும். சுடுதண்ணீர் எங்கே போகிறது என்று யாராவது கேட்டிருக்கிறோமா?

நிலக்கரியோ அணுவோ, வேலை ஒன்றுதான். தண்ணீரைக் கொதிக்கவைத்து, அந்த நீராவியால் டர்பைனைச் சுற்ற வேண்டும். சுற்றி முடித்த நீராவியைக் குளிர்வித்து மறுபடி தண்ணீராக்க வேண்டும். அணுமின் நிலையத்தில் உண்டாகும் வெப்பத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதி இந்தக் குளிர்விக்கும் தண்ணீரோடு வெளியே போய்விடுகிறது. கல்பாக்கத்தில் 220 மெகாவாட் உலைகள் இரண்டு. இரண்டும் ஓடினால் விநாடிக்குச் சுமார் 35,000 லிட்டர் கடல்நீர் வேண்டும். கிட்டத்தட்ட மூன்று தண்ணீர் லாரி, ஒவ்வொரு விநாடியும்!

அப்படி வெளியேறும் வெந்நீர் மீனுக்கு முன்னால் மாற்றுவது பாசியை. பாசி என்றதும் நமக்குக் கிணற்றடியில் வழுக்கி விழுவதுதான் ஞாபகம் வரும். ஆனால் ஆற்றிலும் கடலிலும் பாசிதான் எல்லா உயிருக்கும் முதல் சாப்பாடு. அதிலும் டயாட்டம் என்ற கண்ணுக்குத் தெரியாத வகை, சிலிக்கா ஓடு போர்த்தியது, சத்து மிகுந்தது. கழிமுகச் சேற்றின் மேல் பழுப்பாகப் படிந்திருக்கும். மடவை மீன் வாயைச் சேற்றில் வைத்து உறிஞ்சுவது பெரும்பாலும் அதைத்தான். இறால் குஞ்சு வளர்வதும் அதை நம்பித்தான்.

தண்ணீர் சூடானால் பாசி செத்துவிடும் என்பதில்லை. ஆள் மாறிவிடும், அதுதான் சிக்கல். 1950களில் அமெரிக்காவில் செய்த சோதனைகளில் ஒரு வரிசை தெரிந்தது. 30 டிகிரிக்குள் டயாட்டம் ஓங்கி நிற்கிறது. 30லிருந்து 35 வரை பச்சைப் பாசி. அதற்கு மேலே நீலப்பச்சைப் பாசி. இந்தக் கடைசி வகையைப் பல மீன்கள் விரும்பித் தின்பதில்லை. சிலவற்றில் நஞ்சும் உண்டு. மொத்தமாகப் பெருகி, மொத்தமாக மடிந்து, அழுகும்போது தண்ணீரில் இருக்கிற ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்ளும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. 25 டிகிரியில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் வைத்திருக்கும். 35 டிகிரியில் 7கூடத் தேறாது.

நம் கடலோரத் தண்ணீர் இயல்பாகவே 28, 30 டிகிரியில் இருக்கிறது. அதன்மேல் இன்னும் ஐந்து, ஏழு டிகிரி ஏற்றினால் எங்கே போய் நிற்கும்? குளிர்நாட்டு ஆறு தாங்கும் ஐந்து டிகிரியும் நம்மூர்க் கழிமுகம் தாங்கும் ஐந்து டிகிரியும் ஒன்றல்ல.

இதை எண்ணூரில் பார்க்கலாம். வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் கட்டம் 1990களின் நடுவில் வந்தது. அதன் வெந்நீர் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் சேர்கிறது. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவியே இறால் பிடிக்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். சுடுதண்ணீர் வரும் பக்கம் மீன் அண்டுவதில்லை என்று பல வருஷமாக அவர்கள் முறையிடுகிறார்கள். அனல் நீரை மட்டும் குற்றம் சொல்லிவிடவும் முடியாது. சாம்பல், தொழிற்சாலைக் கழிவு, 2023 டிசம்பர் வெள்ளத்தோடு பரவிய எண்ணெய் என்று அந்த ஆறு பட்ட பாடு கொஞ்சமா? ஏற்கெனவே நொந்த ஆற்றில்தான் இந்தச் சூடும் இறங்குகிறது.

கல்பாக்கத்தின் கதை வேறு. அங்கே வெந்நீர் திறந்த கடலில் விழுகிறது. அலையில் கலந்து சீக்கிரமே ஆறிவிடுகிறது. அங்கு நடந்த ஆய்வுகளின்படி, நுண்பாசிகளைச் சூட்டைவிட அதிகமாகப் பாதிப்பது குளோரின். கடல்நீர் உள்ளே வரும் சுரங்கக் குழாயில் மட்டியும் ஆளியும் ஒட்டி அடைத்துக்கொள்ளாமலிருக்கச் சேர்க்கிற குளோரின்தான் அது. வெளியே வந்து கலந்த பிறகு பாசி தேறிவிடுவதாகவும் தெரிகிறது. அதனால் 2023 அக்டோபரில் நம் கடற்கரைச் சாலை எதிரே கடல் சிவந்தபோது, கல்பாக்கத்து வெந்நீர்தான் காரணமோ என்று யாராவது சந்தேகப்பட்டிருந்தால், அந்தக் கவலை வேண்டாம். அந்தச் சூடு அத்தனை தூரம் வந்து சேராது.

நம்மில் பலருக்குப் பிரான்சில் சொந்தக்காரர்கள் உண்டு. துலூஸ் பக்கம் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். 2025 ஜூன் கடைசியில் வெயில் கொளுத்தியபோது, கரோன் ஆற்றங்கரையிலுள்ள கோல்ஃபெக் அணுமின் நிலையத்தில் ஓர் உலையை நிறுத்தினார்கள். ஆற்றுநீர் 28 டிகிரியைத் தொடக்கூடாது என்பதற்காக. வெயிலால் மின்சாரத் தேவை கூடியிருந்த நேரம் அது! 2022 கோடையில் சில நிலையங்களுக்குத் தற்காலிக விலக்கு கொடுத்ததும் உண்மைதான். ஆனாலும் ஆற்றின் சூட்டுக்கு ஒரு வரம்பு எழுதி வைத்திருக்கிறார்கள், தினமும் அளக்கிறார்கள்.

நம் நாட்டு விதி பெரும்பாலும் எத்தனை டிகிரி கூடியது என்பதைத்தான் பார்க்கிறது. 1999 ஜூனுக்குப் பிறகு கடலோரத்தில் வந்த நிலையங்களுக்கு 7 டிகிரி, அதற்கு முந்தையவற்றில் உள்ளே போகும் நீருக்கும் வெளியே வரும் நீருக்கும் இடையே 10 டிகிரி. கடைசியில் தண்ணீர் எத்தனை டிகிரியில் நிற்கிறது? மே மாதத்துக் கழிமுகத்தில் அந்தப் பாசியும் மீனும் உணர்வது அதைத்தானே?

மாற்று வழி இல்லாமலில்லை. நெய்வேலி பக்கம் பஸ்ஸில் போனால், இடுப்பு சிறுத்த பெரிய கோபுரங்களிலிருந்து வெள்ளையாகக் கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள். பலர் புகை என்று நினைக்கிறார்கள், அது நீராவி. அங்கே தண்ணீரைச் சுற்றிச்சுற்றிப் பயன்படுத்தி, சூட்டை வானத்துக்கு அனுப்புகிறார்கள். செலவு அதிகம், ஆவியாகும் தண்ணீரும் அதிகம். எந்த வழிக்கும் ஒரு விலை இருக்கிறது. கழிமுகம் போன்ற சிறிய, ஆழமில்லாத இடத்தில் அந்த விலையை நிலையம் கொடுக்கட்டும், இறால் தடவுகிறவர் கொடுக்க வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

நாம் கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. வெந்நீர் விழும் இடத்துச் சூடு இன்று எத்தனை டிகிரி என்று தினமும் எல்லோரும் பார்க்கும்படி போடட்டும். கோடைக்கென்று தனி உச்சவரம்பு வையுங்கள் என்று மாசுக்கட்டுப்பாட்டு வாரியங்களிடம் கேட்போம். வீட்டில் ஏசியை 18இல் வைக்காமல் 25இல் வைத்து, ஃபேனையும் போட்டுக்கொண்டால் தூக்கம் கெடாது. பில் நிச்சயம் குறையும். தண்ணீர் மிகச் சூடாக இருக்கும் அதே மாதங்களில்தான் நாமும் கரண்டை அதிகம் இழுக்கிறோம்.

கழிமுகம் ஓரம் வாழ்கிறவர்கள், மீன் கூடை சுமக்கிறவர்கள் நம் வாசகர்களில் நிறைய இருக்கிறீர்கள். முன்பு வலையில் வந்து இப்போது வராத மீன் எது, எந்த வருஷத்திலிருந்து குறைந்தது, தண்ணீரும் பாசியும் எப்படி மாறின என்று எழுதுங்கள். ஒரு போஸ்ட்கார்டு போதும். வந்தவற்றை ஊர்வாரியாகத் தொகுத்து வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்