சிவப்பு மை சுழித்த வரி

பத்தாம் வகுப்புப் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண் தன் அரையாண்டு விடைத்தாளைக் கொண்டுவந்து காட்டினாள். பாளையக்காரர் கிளர்ச்சி பற்றிய எட்டு மதிப்பெண் வினா. முன்னுரை, காரணங்கள், விளைவுகள், முடிவுரை என்று ஸ்கெட்ச் பேனாவில் உட்தலைப்புகள். ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு டிக். ஒரே ஒரு வரி மட்டும் சிவப்பு மையில் சுழிக்கப்பட்டிருந்தது. விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால் நாயக்கரைத் தூக்கிலிட்டது இங்கேதான் என்று தாத்தா கோபாலசமுத்திரக் குளக்கரையைக் காட்டிச் சொன்னதாக எழுதியிருந்தாள். பக்கத்தில் 'பாடத்தில் இல்லை' என்ற குறிப்பு.

அந்த விடையில் அவளாக எழுதிய வரி அது ஒன்றுதான். மற்றதெல்லாம் கைடிலிருந்து வந்தது.

ஆசிரியரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. கட்டுக்கட்டாகத் தாள்கள், கையில் விடைக்குறிப்பு, நாளைக்குள் மதிப்பெண் பட்டியல். குறிப்பில் உள்ள சொல் தாளில் இருந்தால் மதிப்பெண் போடலாம். அதில் வாக்குவாதம் வராது. வேறு வழியில் திருத்தினால் ஆளுக்கு ஆள் மதிப்பெண் மாறும் என்ற அச்சமும் நியாயமானதே. 1913ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் ஒரே வரலாற்று விடைத்தாளைப் பல ஆசிரியர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். மதிப்பெண்கள் எங்கெங்கோ போயின. இப்படி ஆகாமலிருக்கத்தான் விடைக்குறிப்பு. பொதுத்தேர்வுக்கு அது இருக்கட்டும். வகுப்பறைக் கட்டுரைக்கும் அதுவே அளவுகோலானால் எழுதும் பிள்ளை வரலாற்றைத் தொடுவதே இல்லை.

சுழித்த அந்த வரிக்குப் பக்கத்தில் மூன்று கேள்விகள் எழுதியிருக்கலாம். தாத்தாவுக்கு யார் சொன்னது? வேறு எங்காவது எழுதியிருக்கிறதா? குளக்கரை என்று ஊர் சொல்வதற்கும் ஆவணம் சொல்வதற்கும் இடைவெளி உண்டா? தாத்தா சொன்னதாலேயே அது உண்மையாகிவிடாது, பாடத்தில் இல்லாததாலேயே பொய்யாகியும் விடாது. கே. ராஜய்யன் 1971இல் தென்னிந்தியக் கிளர்ச்சி பற்றி நூல் எழுதியபோது கும்பினியின் (கிழக்கிந்தியக் கம்பெனியின்) கடிதங்களைத்தான் புரட்டினார்; கோபால் நாயக்கரைத் தூக்கில் போட்டவர்களின் கடிதங்கள் அவை. அவற்றை எவ்வளவு நம்பலாம் என்பதும் பிள்ளைகள் கேட்கவேண்டிய கேள்விதான்.

இன்னொரு வரியையும் பாருங்கள்: "ஆங்கிலேயரை எதிர்த்ததால் தூக்கிலிடப்பட்டார்." டிக் வாங்கிய வரி. எதிர்ப்பு ஏன் அப்போது வந்தது? ஹைதர் அலி 1755இல் மைசூரின் ஃபவுஜ்தாராக (படை ஆளுநராக) வந்த திண்டுக்கல், 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் அவர் மகன் திப்புவிடமிருந்து கும்பினிக்குக் கைமாறியது. பாளையங்களுக்கு மேல் புது எசமான், புது வரிவசூல். அடுத்த ஒன்பது ஆண்டுகளுக்குள், 1801இல், தூக்குக் கயிறு. இதைச் சொல்லி, திரும்ப எழுதிவரச் சொன்னேன். இரண்டாம் முறை எழுதியதில் உட்தலைப்புகள் குறைந்து, 'அதனால்', 'ஆனால்' என்ற சொற்கள் வந்திருந்தன. தாத்தாவின் வரியும் இருந்தது, 'எங்கள் ஊரில் சொல்லப்படுகிறது' என்ற சொற்களோடு.

பருவத்துக்கு ஒரு கட்டுரையையாவது மதிப்பெண் போடாமல், கேள்விகள் மட்டும் எழுதித் திருப்பித் தரும்படி நம் திண்டுக்கல் மாவட்டத்து வரலாற்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறோம். மலைக்கோட்டை, விருப்பாட்சி, உங்கள் ஊர்க் குளம், எதைப் பற்றியானாலும் சரி: மாணவர் முதலில் எழுதியதையும் திரும்ப எழுதியதையும் சேர்த்து எங்களுக்கு அனுப்புங்கள். இரண்டையும் அடுத்தடுத்த பக்கங்களில் அச்சிடுவோம்.