முதல் சம்பளத்துல பார்டர் கோலி வாங்கப் போறீங்களா?

ப்ளேஸ்மெண்ட் முடிஞ்ச கையோட ஹாஸ்டல்ல ஒரே பேச்சு: முதல் சம்பளத்துல என்ன வாங்கறது? பைக், போன் வரிசையில இப்போ பார்டர் கோலி குட்டியும் சேர்ந்திருக்கு. ரீல்ஸ்ல அது கதவு மூடறதைப் பார்த்துட்டு, "செம புத்திசாலி நாய் மச்சி"ன்னு சொல்றாங்க. புத்திசாலிதான். அதனாலதான் யோசிச்சு வாங்குங்கன்னு சொல்றேன்.

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து எல்லைப் பகுதியில் ஆடு மேய்ப்பதற்காகவே உருவான இனம் இது. பெயரிலேயே 'பார்டர்' இருக்கிறது. 1893-இல் பிறந்த 'ஓல்ட் ஹெம்ப்' என்ற நாயைத்தான் இந்த இனத்தின் மூதாதை என்கிறார்கள். அது குரைத்து விரட்டாமல், அமைதியாக முறைத்துப் பார்த்தே மந்தையை நகர்த்துமாம். அப்படி வேலை செய்யும் நாய்களையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள்.

அந்த நாயை ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட்டில் விட்டால்? மந்தை இல்லைன்னாலும் மேய்க்கிற புத்தி போகாது. ஓடற குழந்தையோட குதிகாலைக் கவ்வும். பைக்கைத் துரத்தும். சுவரில் ஆடற நிழலை முறைச்சுட்டே நிக்கும். எங்க அப்பார்ட்மெண்ட்ல ஒரு வீட்டுல இதேதான் நடந்தது. எட்டு மாசத்துல 'அடங்காத நாய்'னு பேர் வாங்கி, இப்போ பால்கனியில கட்டிக் கிடக்கு. லீவுக்குப் போகும்போதெல்லாம் பார்க்கறேன், கீழே போற ஒவ்வொரு ஸ்கூட்டருக்கும் தலை திரும்புது. அது கெட்ட நாய் இல்ல. அதுக்கு யாரும் வேலை கொடுக்கல, அவ்வளவுதான்.

"நல்லா ஓட விட்டா அடங்கிடும்"னு சொல்வாங்க. ஓட ஓட ஸ்டாமினாதான் ஏறும். குட்டிக்கு முதலில் சொல்லித் தர வேண்டியது சும்மா இருக்க. பாயில் அமைதியாகப் படுத்தால் ஒரு துண்டு தின்பண்டம் கொடுங்க. காலைக் கவ்வினால் கத்தாதீங்க, ஓடாதீங்க; ரெண்டுமே அதுக்கு விளையாட்டு. அப்படியே நின்னு, வாயில் ஒரு கயிறு பொம்மையைக் கொடுங்க. முதல் மூன்று மாதத்துக்குள்ள ஆட்டோ ஹாரன், குக்கர் விசில், குழந்தைகள் எல்லாத்தையும் பயமில்லாம பழக்கணும். தடுப்பூசி முடியற வரைக்கும் கையில தூக்கிட்டுப் போய்க் காட்டுங்க.

மூளைக்கும் வேலை வேணும். அமெரிக்காவில் 'சேஸர்' என்ற பார்டர் கோலி 1,022 பொம்மைகளின் பெயரைக் கற்றது. அதைத்தான் எல்லாரும் ஷேர் பண்றாங்க. ஆனால் அதை வளர்த்த ஜான் பில்லி ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர். தினமும் நாலைந்து மணி நேரம், மூன்று வருஷம் அதோட உட்கார்ந்தார். நமக்குக் கிடைக்கப்போறது ஷிப்ட் வேலையும் பிஜி ரூமும். வொர்க் ஃப்ரம் ஹோம்னாலும் மீட்டிங்ல இருக்கறவன் நாய்க்கு வீட்டுல இல்லாதவன் மாதிரிதான். சென்னை மே மாத வெயிலில், அந்த அடர்ந்த ரோமத்தோட, பகலில் வெளியே கூட்டிட்டும் போக முடியாது.

நாய் வளர்க்கவே வேண்டாம்னு சொல்லல. ஷெல்டர்ல வளர்ந்த நாட்டு நாயோட குணத்தை நேரிலேயே பார்த்துத் தெரிஞ்சுக்கலாம். இந்த வெயிலும் அதுக்குப் பழக்கம். இல்ல, பார்டர் கோலிதான் வேணும்னா, அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு மாசம் தினமும் காலை அஞ்சரைக்கு எழுந்து ஒரு மணி நேரம் நடங்க, சாயங்காலம் இன்னொரு மணி நேரம். முப்பது நாளும் முடிஞ்சா, தாராளமா வாங்குங்க. அடுத்த பன்னிரண்டு வருஷமும் அதேதான்.