இறால் குட்டையும் ஒரு காலி கட்டமும்

ரெண்டு மாசம் முன்னாடி மச்சான் திண்டுக்கல் வந்திருந்தார். அக்கா வீட்டுக்காரர், ஊர் வேதாரண்யம் பக்கம். வழக்கமா வந்தா பிரியாணி, அப்புறம் தூக்கம், அவ்ளோதான். இந்த தடவை கையில ஒரு பேப்பரோட வந்தார். இறால் பண்ணை போடப் போறாராம். வனாமி இறால். குத்தகைக்கு இடம் பாத்தாச்சு, நான் மூணு லட்சம் போட்டா பங்குதாரர். "மாப்ள, நீதான் பொட்டி தட்டுறவனாச்சே, கணக்கு போட்டுப் பாரு"ன்னு பேப்பரை நீட்டிட்டார்.

எக்செல்லைத் திறந்து உக்காந்தேன். குஞ்சு, தீவனம், கரண்ட், கூலி, குத்தகை. ஏறக்குறைய நாலு மாசத்துல ஒரு அறுவடை. நோய் விழலைன்னா சும்மா சொல்லக்கூடாது, லாபம் நல்லாவே வருது.

"மச்சான், குட்டைத் தண்ணியை எங்க விடுவீங்க?"

"வாய்க்கால்லதான்."

"வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்?"

"வயலு. அதத் தாண்டி கொஞ்சம் வீடுங்க, ஒரு அடிபம்பு."

அதுக்கு நான் ஒரு வரி போட்டு வெச்சேன். என்ன தொகை எழுதறதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியல. கட்டம் காலி. காலி கட்டத்தைக் கூட்டச் சொன்னா எக்செல் என்ன பண்ணும்னு உங்களுக்குத் தெரியும். பூஜ்ஜியம்னு எடுத்துக்கிட்டு பேசாமப் போயிடும். ஒரு எர்ரர் கூட வராது.

எனக்கு அது சுருக்குனு குத்தினதுக்குக் காரணம் எங்க அப்பத்தா வீட்டுக் கிணறு. தோல் ஷாப்புக் கழிவு இறங்கி உப்பாப் போன கிணறு. நான் சின்னப் பையனா இருந்தப்பவே அதுல துணி கூட அலச முடியாது, குடிக்கிற தண்ணியைக் குடம் கணக்குல காசு குடுத்து வாங்குவாங்க. அந்தக் காசை தோல் ஷாப்புக்காரங்க எந்தக் கணக்குலயும் எழுதியிருக்க மாட்டாங்க. எங்க அப்பத்தாதான் காலண்டர் பின்னாடி எழுதி வெச்சிருந்தாங்க.

இந்த காலி கட்டத்தை நிரப்பச் சொல்லி டெல்லி வரைக்கும் போன ஒரு பெரியவர் நம்ம மாவட்டத்துலதான் இருந்தார்ங்கறது எனக்கு இந்தக் கணக்கு போடும்போதுதான் தெரிஞ்சது (வெக்கமாத்தான் இருக்கு). மதுரை ரோட்டுல சின்னாளபட்டி பக்கம் இருக்கற காந்திகிராமத்து சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன். அவரும் கிருஷ்ணம்மாள் அம்மாவும் கீழத்தஞ்சையில நிலமில்லாதவங்களுக்கு நிலம் வாங்கிக் குடுக்கப் போனவங்க. தொண்ணூறுகள்ல அதே கடலோரத்துல வயலெல்லாம் இறால் குட்டையா மாற ஆரம்பிச்சுது. எண்பது வயசு வாக்குல மனுஷன் 1994ல உச்சநீதிமன்றத்துல வழக்கு போட்டார்.

கோர்ட் நீரி நிறுவனத்தை ஆய்வு பண்ணச் சொல்லிச்சு. அவங்க இறால் வித்து வர்ற வருமானத்தை ஒரு பக்கமும், போன விளைச்சல், கெட்டுப்போன நிலத்தடி நீர், மீன்பிடி, சதுப்புநிலம், வேலை இதையெல்லாம் இன்னொரு பக்கமும் ரூபாயில எழுதினாங்க. தமிழ்நாட்டுல நஷ்டம் வருமானத்தைப் போல ஒன்றரை மடங்கு. ஆந்திராவுல நாலு மடங்குக்கும் மேல. 1996 டிசம்பர் 11ல தீர்ப்பு. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள்ள இருக்கற பண்ணைகளை 1997 மார்ச் 31க்குள்ள எடுத்துடணும், கெடுத்தவன் நஷ்டஈடு தரணும்னு நீதிபதி குல்தீப் சிங் அமர்வு சொல்லிச்சு. (அதே வருஷம் ஆகஸ்ட்ல வந்த தோல் ஷாப்பு தீர்ப்பும் அவர் அமர்வுதான். அதுல நம்ம திண்டுக்கல்லும் உண்டு.)

அப்புறம் நடந்ததுதான் நம்ம நாடு. தீர்ப்பு முழுசா அமலாகவே இல்ல. 2005ல கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து, அந்த மண்டலத் தடை இறால் பண்ணைக்கு 1991லேர்ந்தே பொருந்தாதுன்னு முன்தேதி போட்டு எழுதிட்டாங்க.

கடலுக்கு விலை போடலாமான்னு கேட்டா என் சுற்றுச்சூழல் நண்பர்களுக்குக் கோவம் வரும். "பெத்த தாய்க்கு விலை போடுவியா?"ம்பாங்க. நான் விலை போடணும்ங்கற கட்சி. நாம விலை போடாம விட்டா அது விலைமதிப்பில்லாததா ஆகிடறதில்ல. குத்தகைக்காரர் கணக்குல பூஜ்ஜியமாத்தான் ஆகுது.

ஆனா எல்லா விலையும் ஒரே மாதிரி இல்ல. 1997ல காஸ்டான்சா குழு, பூமியோட இயற்கை செய்யற வேலைக்கு வருஷத்துக்கு 33 லட்சம் கோடி டாலர்னு கணக்கு சொல்லிச்சு, அதுல மூணுல ஒரு பங்குக்கு மேல கடலோரத்தோடது. மைக்கேல் டோமன்னு ஒரு பொருளாதார நிபுணர், முடிவிலியை ரொம்பக் குறைச்சு மதிப்பிட்டுட்டீங்கன்னு நக்கல் பண்ணார். எனக்கும் அந்த எண்ணால என்ன பிரயோஜனம்னு புரியல. அதை வெச்சு யார்கிட்ட பில்லு குடுக்கறது?

எனக்குப் பிடிச்சது ஒடிசா கணக்கு. 1999 சூப்பர் புயலுக்கப்புறம் பிதர்கனிகா பக்கம் படோலாவும் ஹுசைனும் ஊர் ஊரா வீட்டு நஷ்டத்தைக் கேட்டு 2005ல வெளியிட்டாங்க. அலையாத்திக் காட்டுக்குப் பின்னாடி இருந்த ஊர்ல வீட்டுக்கு சுமார் 33 டாலர் நஷ்டம். காடும் இல்லாம கரையும் இல்லாம இருந்த ஊர்ல 44. காசு செலவு பண்ணி மண்கரை கட்டின ஊர்ல 154! கரை உடைஞ்சு உள்ள வந்த உப்புத்தண்ணி திரும்ப வெளிய போக வழியில்லாம நின்னுடுச்சு. யார் வீட்டுல எவ்ளோ போச்சுன்னு இதுல தெரியுது பாருங்க.

அதே சமயம், "இந்தக் காட்டைக் காப்பாத்த மாசம் எவ்ளோ குடுப்பீங்க?"ன்னு சர்வே எடுத்து விலை போடறதுல எனக்கு சுத்தமா நம்பிக்கை இல்ல. சென்னையில ஐடிக்காரன் ஐநூறுன்னு டிக் அடிப்பான். வேதாரண்யத்துல நண்டு பொறுக்கிப் பொழைக்கிற அம்மா அஞ்சு ரூபாயும் முடியாதும்பாங்க. காடு போனா யாரோட சோறு போகும்? பர்ஸோட சைஸைத்தான் இந்த முறை அளக்குது.

விஷயத்துக்கு வர்றேன். அந்தக் கட்டத்துல நான் ஒரு எளிய கணக்கைப் போட்டேன். அடிபம்பு உப்பாயிட்டா எத்தனை வீடு, நாளைக்கு எத்தனை குடம், குடம் என்ன விலை, எத்தனை வருஷம். அப்பத்தா காலண்டர் கணக்குதான், புதுசா எதுவும் இல்ல. வயலை இன்னும் சேர்க்கவே இல்ல, லாபத்துல பாதிக்கு மேல காலி.

மச்சானுக்கு அனுப்பினேன். "அந்தக் காசை நாம எதுக்கு மாப்ள குடுக்கணும்? யாரும் கேக்கலியே"ன்னார். நான் மூணு லட்சம் போடலைன்னு சொல்லிட்டேன். அக்கா ரெண்டு வாரமா போன் எடுக்கல. வேற யாரோ பங்குக்கு வந்துட்டாங்கன்னு அம்மா சொன்னாங்க.

டிஸ்கி: இறால் தொக்கு சாப்பிடறதை நான் இன்னும் நிறுத்தல. திட்டறவங்க திட்டலாம் :)