இருபது ரூபாய் நியாயம்!



“முதலாளி மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்!” என்று ஊரில் பேச்சு எழுந்தால், கடன் கொடுத்த பெரிய மனிதர்கள் வக்கீல் வீட்டுக்கு ஓடுகிறார்கள். கூலி பாக்கி நிற்கிற தொழிலாளி எங்கே ஓடுவான்?

கூக்காலை எடுத்துக்கொள்வோம். மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டிப் பூண்டும் உருளைக்கிழங்கும் விளைவிக்கிற ஊர். அங்கே ஒரு தோட்டம். அண்ணன், தம்பி இருவர் பேரிலும் கூட்டுப் பட்டா. அண்ணனுக்குக் கடன் முற்றிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அவர் என்ன செய்வார்? தன் பாகத்தை மனைவி பேருக்கு செட்டில்மெண்ட் எழுதி ரிஜிஸ்தர் செய்வார். பிறகு கோர்ட்டுக்குப் போய், “நான் இன்சால்வெண்ட், என்னிடம் காலணாவும் இல்லை” என்று கையை விரிப்பார். களை எடுத்த பெண்களின் கூலி? மூட்டை சுமந்தவனின் கூலி? அதற்கும் அதே கைவிரிப்புத்தான்!

இந்தத் தந்திரத்தைச் சட்டம் அறியாததல்ல. 1920-ம் வருடத்து மாகாண இன்சால்வென்சி சட்டம், 53-வது பிரிவு சொல்கிறது: சொத்தை எழுதிக் கொடுத்த இரண்டு வருடத்துக்குள் மனு வந்து, அவர் இன்சால்வெண்ட் என்று தீர்ப்பானால், நியாயமான கிரயம் வாங்காமல் எழுதிய பத்திரத்தைக் கோர்ட் ரத்து செய்யலாம். அந்தப் பாகம் ரிசீவர் கைக்குப் போகும். தம்பியின் பாகத்தில் ரிசீவர் கை வைக்க முடியாது. ரிசீவர் அசையாவிட்டால்? தன் கடனை நிரூபித்த எந்தக் கடன்காரனும், கூலிக்காரனும்தான், கோர்ட் அனுமதியுடன் தானே மனுப் போடலாம். இது 54-ஏ பிரிவு.

ஆனால் இரண்டு வருடக் கணக்கு யாருக்குத் தெரியும்? வக்கீல் வைத்திருப்பவனுக்குத் தெரியும்! அவன் மூன்று வருடம் முன்பே எழுதி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவான். தரகன் பேச்சைக் கேட்டுக் கடைசி நேரத்தில் பெண்டாட்டி பேருக்கு எழுதும் ஏழை விவசாயிதான் அகப்பட்டுக்கொள்வான். 69-வது பிரிவின்படி ஒரு வருடம் வரை சிறை வேறு! அவனுக்கு இந்தத் தில்லுமுல்லு தேவையே இல்லை. அவன் குடியிருக்கும் வீடு, ஏர், மாடு, விதைத் தானியம் இவற்றை ஜப்தி செய்யக்கூடாது என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவே காப்பு அளித்திருக்கிறது. அடமானம் வைத்ததற்கு மட்டும் அந்தக் காப்பு இல்லை.

இனி கேளுங்கள் வேடிக்கையை! அதே 1920 சட்டத்தின் 61-வது பிரிவு கூலிக்கு முன்னுரிமை கொடுக்கிறது. எவ்வளவுக்கு? மனுவுக்கு முந்திய நான்கு மாத வேலைக்கு, ஆள் ஒன்றுக்கு மொத்தம் 20 ரூபாய்! வெள்ளைக்காரன் எழுதிய 20 ரூபாய்! இன்று அது இரண்டு பேர் டீ குடிக்கக் காணாது. மிச்சக் கூலிக்கு வட்டிக்கடைக்காரனோடு வரிசையில் நில் என்கிறது சட்டம்!

2016-ம் வருடத்துத் திவால் சட்டம் 24 மாதத் தொழிலாளர் பாக்கிக்கு முன்னிடம் என்று எழுதியது. ஆனால் தனிநபர் பகுதியை 2019 டிசம்பர் 1 முதல் அமலாக்கியது யாருக்கு? கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும்!

பெரிய இடத்துக் கதை என்ன? 2012-ல் கிங்ஃபிஷர் விமானங்கள் நின்றன. ஊழியர்கள் மாதக்கணக்கில் சம்பளமின்றித் தவித்தார்கள். விஜய் மல்லையா 4 கோடி டாலரைப் பிள்ளைகளுக்கு மாற்றினார். அது கோர்ட் அவமதிப்பு என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. 2021-ல் லண்டன் கோர்ட் அவரைத் திவாலானவர் என்று அறிவித்தது. 2022-ல் சுப்ரீம் கோர்ட் விதித்த தண்டனை: நான்கு மாதச் சிறை, 2,000 ரூபாய் அபராதம், பணத்தை வட்டியுடன் கட்டவும் உத்தரவு. ஆசாமியோ 2016-லேயே தேசத்தை விட்டுப் போய்விட்டார்!

ஆகவே தோழர்களே, கூலிக் கணக்கை நாள்வாரியாக எழுதி வையுங்கள். மஞ்சள் கடுதாசி வந்ததும் தனித்தனியே அழாதீர்கள். சங்கத்தின் மூலம் கூட்டாகக் கடனை நிரூபியுங்கள். ரிஜிஸ்தர் ஆபீசில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள்.

20 ரூபாய் வரம்பை ஒழி! முழுக் கூலிக்கும் முதலிடம் கொடு! இதுவே நமது கோரிக்கை. கூக்கால் தோட்டத்திலிருந்து மில் வாசல் வரை இந்தக் குரல் எழும்பட்டும்!